கல்லுக்கு நோகாமல் ஒரு வெட்டு

ஜொகூர்ப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வந்தால், தேக்காவில் சிராங்கூன் சாலை நகைக்கடைகளைப் பார்க்காமல் நாம் திரும்புவதில்லை. கல் பதித்த மோதிரத்தில் பற்றவைக்க நேர்ந்தால் ஆசாரி பெரும்பாலும் கல்லை முதலில் கழற்றிவிடுவார். நெருப்பின் சூடு பட்ட இடத்தோடு நிற்காது. பக்கத்தில் பரவும், கல் விரிசல் கண்டுவிடும்.

உட்லண்ட்ஸ், பாசிர் ரிஸ் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் மின்னணுச் சில்லுகள் செய்யப்படும் சிலிக்கனுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அது ஒரு படிகம். தோட்டத்தில் பால்மரங்கள் நிரை பிடித்து நிற்பதுபோல் அதன் அணுக்கள் நிற்கின்றன. சூடு பரவினால் நிரை கலையும். மயிரிழை வெடிப்பும் விழும்.

இதற்கு ஒரு வழி, லேசர் ஒளியை மிகமிகச் சிறு நேரமே பாய்ச்சுவது. நூறு ஃபெம்டோ நொடி என்பார்கள். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அந்த நேரத்தில் தலைமுடியின் பருமனில் ஏறக்குறையப் பாதிதான் நகரும்! அந்தத் துடிப்பு படிகத்தில் விழுந்ததும் எலக்ட்ரான்கள்தாம் ஆற்றலை வாங்குகின்றன. அது அணுக்களைச் சூடாகச் சென்று சேருமுன் துடிப்பே முடிந்துவிடுகிறது. மேல்தோல் ஆவியாகப் பறக்கும். அடியிலுள்ள நிரைக்குச் சூடு அதிகம் எட்டுவதில்லை.

பால் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பட்டையைச் சீவ வேண்டும், கத்தி மரத்தைத் தொடக்கூடாது. 1888இல் சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பேற்ற ரிட்லி துரை, மரம் கெடாமல் பாலெடுக்கும் முறையைத்தான் வகுத்துக் கொடுத்தார்.

துடிப்பு சற்று வலுக்குறைந்தால் எதுவும் பறக்காது. மேலடுக்கு மட்டும் நிரை கலைந்து கண்ணாடிபோல் ஆகும். ஒரே இடத்தில் பல துடிப்புகள் விழுந்தால் நுண்ணிய வரிவரியான அலைகள் எழும். அவற்றில் ஒளி பட்டால் மயில்கழுத்து நிறங்கள் தெரியும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க ஹார்வர்டில் எரிக் மசூர் குழுவினர், கந்தகம் சேர்ந்த வாயுவுக்குள் சிலிக்கனை வைத்து இப்படி அடித்தார்கள். பளபளத்த தகட்டில் ஊசிக் கூம்புகள் முளைத்து, ஒளியை விழுங்கிக் கரிபோல் கறுத்துவிட்டது. நமக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

இத்தகைய வலுவான துடிப்புக்கு வழி கண்டவர்கள் டோனா ஸ்டிரிக்லண்ட் அம்மையாரும் ஜெரார் மூரூவும். துடிப்பை முதலில் நீட்டி, வலுவேற்றி, பிறகு சுருக்கினார்கள். 1985இல் செய்த வேலைக்கு 2018இல் நோபல் பரிசு வந்தது.

ஆனாலும் துடிப்புகளை மிக நெருக்கி அடித்தால், ஒன்றின் சூடு ஆறுமுன் அடுத்தது விழும். சூடு சேர்ந்து பரவும்; அப்புறம் ஆசாரியின் நெருப்புக்கும் இதற்கும் வேறுபாடில்லை.