விழிஞ்ஞம்: நீர்ச் சிக்கனத் தோட்டங்கள்

கேரளம் மழைவளம் மிக்க மாநிலம். ஆயினும் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை மிகக் குறைவு. 2025 மே 2ஆம் நாள் விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இனி அங்கு எழும் அலுவலகங்களையும் விடுதிகளையும் சூழ்ந்து எத்தகைய தோட்டங்கள் அமையும் என்பது குடிநீரோடு தொடர்புடைய கேள்வியாகும்.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள நீர் ஒரு லிட்டராகும். கோடையில் புல்தரைக்கு நாள்தோறும் 5 மில்லிமீட்டர் நீர் தேவை எனக் கொண்டால், 100 சதுர மீட்டர் புல்தரைக்கு 500 லிட்டர் வேண்டும். 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் ஊரகங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வரையறுத்தது. ஆக, அச்சிறு புல்தரை ஒன்பது பேரின் பங்கைப் பருகிவிடுகிறது! கிணற்று நீரை மிகுதியாக இறைத்தாலோ, கடலோர நிலத்தடியில் உவர்நீர் புகும்.

அமெரிக்காவின் டென்வர் நகர நீர் வழங்கல் துறை 1981இல் வறட்சி தாங்கும் தோட்டமுறையை வகுத்தது. நமது கடற்கரைக்கு ஏற்ற தாவரங்கள் நம்மிடமே உள்ளன. புன்னையும் பூவரசும் உப்புக்காற்றைத் தாங்கி நிழல் தரும். தாழை வேலியாகும். அடப்பங்கொடி மணலைப் பிணைக்கும். அரளி கோடையிலும் பூக்கும். நச்சுச் செடியாதலால் குழந்தைகள் விளையாடுமிடத்தில் அதனைத் தவிர்த்தல் நலம்.

நீர்த்தேவை ஒத்த செடிகளை ஒருங்கே நடுதல், தேங்காய் மட்டையும் சருகும் கொண்டு மூடாக்கிடுதல், காலையில் வேரடியில் மட்டும் நீர் விடுதல் ஆகியவை இன்றியமையாதவை. வேரூன்றும் வரை இச்செடிகளுக்கும் நீர் வேண்டும். எனவே பருவமழைத் தொடக்கமே நடவுக்கு உகந்த காலம்.

கட்டட வரைபடத்துடன் தோட்டத்தின் நீர்க்கணக்கையும் கேட்டுப் பெறும் வழக்கம் ஏற்படுமாயின், வளர்ச்சியும் குடிநீரும் ஒன்றுக்கொன்று பகையாகா.