தட்டாமல் உதிரும் உப்பு

5ஜி சேவையின் மில்லிமீட்டர் அலைகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், அவற்றை ஜெகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் 1895இலேயே கண்டுபிடித்துவிட்டார் என்ற கூற்றும், வானொலியைக் கண்டறிந்த பெருமையை மார்க்கோனி அவரிடமிருந்து பறித்துக்கொண்டார் என்ற கூற்றும் கூடவே உலவத் தொடங்குகின்றன. இரண்டிலும் உண்மை கொஞ்சம் உண்டு. ஆயினும், போஸ் தம் ஆய்வுமேசையில் எந்தச் சிக்கலோடு போராடினார், அதை எப்படித் தீர்த்தார் என்ற கேள்வியை இந்தக் கூற்றுகள் மூடி மறைத்துவிடுகின்றன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்கத்தாவின் காலேஜ் தெருவில் 1874இல் திறக்கப்பட்ட பிரசிடென்சி கல்லூரிக் கட்டடத்துக்கு 1885இல் இயற்பியல் ஆசிரியராக வந்த போஸ், ஐரோப்பியருக்குத் தரும் ஊதியத்தை இந்தியருக்குக் குறைத்துத் தருவதை எதிர்த்து மூன்று ஆண்டுகள் ஊதியமே பெறாமல் பாடம் நடத்தினார். குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிற்றறையே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று. கல்லூரி 2010இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, பன்னாட்டு மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. அங்கே ஒரு நினைவுப் பட்டயத்தை வழங்கியது. 1895இல் போஸ் 60 கிகாஹெர்ட்ஸ் அலைகளை 23 மீட்டர் தொலைவுக்கு, இடையிலிருந்த இரண்டு சுவர்களைக் கடந்து அனுப்பி, மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார் என்று அது கூறுகிறது.

மற்றவர்கள் நீண்ட அலைகளை நாடிய காலத்தில் போஸ் குறுகிய அலைகளை நாடியதற்குக் காரணம், அவர் செய்தி அனுப்ப முனையவில்லை என்பதே. மின்காந்த அலைகள் ஒளியைப் போலவே விலகுகின்றனவா, தளவிளைவு அடைகின்றனவா, அதாவது ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டப்படுகின்றனவா என்பதை அளக்கவே அவர் விரும்பினார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹெர்ட்ஸ் 1888இல் கையாண்ட அலைகளின் நீளம் சுமார் 66 சென்டிமீட்டராக இருந்ததால், அவற்றை விலகச் செய்ய ஒன்றரை மீட்டர் உயரமும் 600 கிலோ அளவு எடையும் கொண்ட தார்ப் பட்டகம் தேவைப்பட்டது. அலைநீளத்தை 5 மில்லிமீட்டர்வரை குறைத்த போஸுக்கோ, ஆய்வு முழுவதும் ஒரு மேசைக்குள் அடங்கிற்று. பக்கங்களுக்கிடையே வெள்ளீயத்தாள் செருகிய ரயில் கால அட்டவணைப் புத்தகம் தளவிளைவை உண்டாக்கும் கருவியாயிற்று. வங்கத்துச் சணலை முறுக்கிக் கட்டிய கற்றைகள், சர்க்கரைக் கரைசல் ஒளிக்குச் செய்வதைப் போல, அலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்பின. முறுக்கின் திசை மாறினால் திருப்பத்தின் திசையும் மாறியது.

அலையை உண்டாக்குவதைவிட, அது வந்து சேர்ந்ததை அறிவதே கடினமாக இருந்தது. அக்காலத்தில் அதற்குப் பயன்பட்டது, பிரான்சில் பிரான்லி 1890இல் ஆராய்ந்த விளைவை அடிப்படையாகக் கொண்ட கோஹிரர் என்னும் உலோகத்தூள் குழாய். மழைக்காலத்து உப்பு ஜாடியைப் பார்த்தவர்களுக்கு அதன் செயல் எளிதில் விளங்கும். ஈரக்காற்று பட்டதும் உப்புப் பரல்களின் மேற்பரப்பு சற்றே கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுவதால், ஜாடியைத் தட்டினால்தான் அது உதிரும். இரும்புத்தூளின் ஒவ்வொரு துகளையும் மூடியிருக்கும் ஆக்சைடு படலம் மின்னோட்டத்தைத் தடுக்கிறது. அலை வந்து மோதும்போது அப்படலம் உடைந்து, துகள்களுக்கிடையே நுண்ணிய உலோகப் பாலங்கள் உருவாகி மின்னோட்டம் பாய்கிறது. அலை நின்ற பின்னும் பாலங்கள் நிற்பதால், அடுத்த அலையை அறிவதற்குக் குழாயைத் தட்டியாக வேண்டும்.

உப்பு ஜாடியின் தொல்லைகள் அத்தனையும் இக்குழாய்க்கும் உண்டு. மெல்லத் தட்டினால் உள்ளே கட்டி எஞ்சும். ஓங்கித் தட்டினால் பரல்கள் அடியில் நெருங்கி முன்னைவிட இறுகும். ஒரு முறை உதிர்ந்த அளவே மறுமுறையும் உதிரும் என்று எந்தச் சமையற்காரரும் உறுதி சொல்ல மாட்டார். மணி அடிப்பதற்கு இந்த நிலையின்மை போதுமானதாக இருக்கலாம். ஒளிவிலகல் எண்ணை அளப்பவருக்குப் போதாது. ஆகவே போஸ் தூளைக் கைவிட்டு, மெல்லிய எஃகுச் சுருள்வில்களை எபொனைட் பலகையின் பள்ளத்தில் ஒற்றை அடுக்காகப் பதித்து, அவை ஒன்றையொன்று தொடும் அழுத்தத்தை ஒரு திருகாணியால் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்தார். அழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் எப்போதும் பாயும். குறைந்தால் அலை வந்தாலும் பாயாது. இரண்டுக்கும் நடுவே, தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில்தான் கருவி உயிர்பெறும்.

அந்த நிலையைத் தேடியபோது, உலோக முனை கலீனா என்னும் ஈயத்தாதுவின் பளபளப்பான படிகத்தைத் தொடும் இடத்துக்குத் தட்டல் தேவையில்லை என்பதை அவர் கண்டார். அங்கே மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டம் நேர்கோட்டில் உயராமல் வளைந்து உயர்கிறது. அலை முன்னும் பின்னும் சமமாகத் தள்ளினாலும், முன்தள்ளலில் கூடுகின்ற மின்னோட்டம் பின்தள்ளலில் குறைவதைவிட மிகுதியாக இருப்பதால், சிறிதளவு மிச்சப்படுகிறது. அலை நின்றதும் அந்த மிச்சமும் தானாக நின்றுவிடுகிறது. துளையிட்ட மூடியுள்ள உப்புக் குடுவையைக் கவிழ்த்து மேலும் கீழும் சமமாக ஆட்டினாலும் உப்பு கீழ்நோக்கியே விழுவதும், ஆட்டம் நின்றதும் விழுவது நிற்பதும் இதைப் போன்றதே. 1901இல் விண்ணப்பித்த இந்த உணர்கருவிக்கு, 1904 மார்ச் 29 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இப்போது தொடக்கத்துக் கூற்றுகளை எடைபோடலாம். கலீனாவில் மின்னோட்டம் இருதிசையிலும் சமமாகப் பாய்வதில்லை என்பதை 1874இலேயே பெர்டினாண்ட் பிரவுன் கண்டிருந்தார்; அதை அலை உணரும் கருவியாக்கியது போஸின் பங்கு. மார்க்கோனி 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து சைகை பெற்றபோது பயன்படுத்திய பாதரச உணர்கருவி, போஸ் 1899இல் வெளியிட்ட அமைப்பைப் பெரிதும் ஒத்தது. ஆனால் கடல் கடந்த அந்த நெடும் அலைகளும் அவற்றை எழுப்பிய பெரும் நிலையமும் போஸின் நோக்கத்திலேயே இருந்ததில்லை. 5ஜியோடு அவருக்குள்ள உறவு அலைநீளத்தின் உறவு மட்டுமே. குரலையும் படத்தையும் அலையில் ஏற்றும் நுட்பங்கள் பின்வந்த பலரின் உழைப்பு.

இவ்வளவு கழித்த பின்னும் எஞ்சுவது சிறிதன்று. சரியாகத் தொடாத இணைப்பு எல்லாப் பொறியாளர்களுக்கும் ஒரு பழுதாகவே தோன்றும். அதையே அளவுக்குட்படுத்தி, திருகாணியால் ஆண்டு, கருவியாக்கியவர் போஸ். 1920களில் படிக வானொலி வைத்திருந்தவர்கள், நிகழ்ச்சி கேட்பதற்கு முன், மெல்லிய கம்பி முனையைக் கலீனாக் கல்லின்மேல் நகர்த்தி நகர்த்தி, காதில் ஒலி எழும் புள்ளியைப் பொறுமையாகத் தேடினார்கள். குளியலறையை ஒட்டிய அந்த அறையில் போஸின் விரல்கள் செய்த தேடலும் அதுவே.