பகலில் காட்டிய அருந்ததி

அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நம் திருமணச் சடங்குகளில் தவறாமல் இடம்பெறுவது. ஆனால் முகூர்த்தம் பெரும்பாலும் காலையில் அமைவதால், சாஸ்திரிகள் காட்டும் திசையில் மணமக்கள் காண்பது பகல் வெளிச்சத்தை மட்டுமே. மணிவிழா கண்ட பின்னும் அருந்ததியைக் கண்ணால் கண்டிராத தம்பதியர் பலர். அக்குறையைத் தீர்த்துக்கொள்ள உகந்த மாதம் வைகாசி.

சிவகாசிக்கு அருகிலுள்ள எம். புதுப்பட்டி, பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் ஊர். வாணங்கள் விண்ணில் விரிக்கும் வண்ணப் பூக்கள் சில நொடிகளில் உதிர்ந்துவிடும். அவை அடங்கியபின் நட்சத்திரங்கள் நிலைத்து நிற்கும். அங்குள்ளோர் வைகாசி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், ஒன்பது மணிக்கு மேல், தெருவிளக்கு படாத மொட்டை மாடியில் வடக்கு நோக்கி நின்றால் போதும். அடிவானுக்கும் உச்சிக்கும் நடுவே, கவிழ்த்த அகப்பை போல் ஏழு நட்சத்திரங்கள் தெரியும். அதுவே சப்தரிஷி மண்டலம்.

இடப்புறம் அகப்பையின் கிண்ணம். வலப்புறம் அதன் காம்பு. காம்பின் நுனியில் இருப்பவர் மரீசி. அவருக்கு அடுத்தவர் வசிஷ்டர். வசிஷ்டரை ஒட்டி மங்கலாக மின்னுவதே அருந்ததி. பார்வை குறைந்தோருக்கு பைனாகுலர் உதவும். பேரக்குழந்தைகளின் கண்களும் உதவும்.

கிண்ணத்தின் இடது ஓரத்தில் உள்ள இருவர் புலகரும் கிரதுவும். புலகரிலிருந்து கிரது வழியாக ஒரு கோட்டை, அவர்களுக்கிடையே உள்ள தூரத்தைப்போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரத்தை அடையலாம். சிவகாசி வட்டாரம் ஏறத்தாழ 9.5 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், துருவனும் அடிவானுக்கு மேல் அவ்வளவு உயரத்திலேயே இருப்பான். நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவுதான் அது.

பூமி சுழல்வதால், அசையாத துருவனைச் சுற்றி மற்றவை மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றும். ஒவ்வொரு நாளும் அவை சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். மாதத்திற்கு இது 2 மணி நேரமாகும். அதனால்தான் கார்த்திகை மாத முன்னிரவில் சப்தரிஷிகள் நம் அடிவானுக்குக் கீழே மறைந்திருப்பர்.

வசிஷ்டரும் அருந்ததியும் விண்வெளியில் ஒன்றாகவே பயணம் செய்வதாக வானியலார் கூறுகின்றனர். அவர்களின் ஒளி நம்மை வந்தடைய 80 ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. சதாபிஷேகம் காணும் பெரியவர் இவ்வைகாசியில் துணைவியாருடன் மாடியேறி அருந்ததியைக் கண்டால், அவர் கண்ணில் படுவது ஏறத்தாழ அவர் பிறந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளி. மணநாளில் காணாமல் போன தரிசனம், வழியெல்லாம் கடந்து அன்று அவரை வந்தடையும்.