ஆவி உலவும் விடுதியும் ஆராய்வோர் கடமையும்

‘பேய் உண்டா, இல்லையா?’ என்று வகுப்பில் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் ‘இல்லை’ என்றே கூறுவோம். ‘அப்படியானால் இன்றிரவு ஆளில்லாத ஒரு பழைய மாளிகையில் தனியே படுத்து உறங்குவீர்களா?’ என்று அடுத்துக் கேட்டால் விடை வரச் சற்று நேரமாகும். அறிவு ஒன்று சொல்ல, அச்சம் வேறொன்று சொல்லும் இந்த இடைவெளியில்தான் பேய்க்கதைகள் காலங்காலமாக வாழ்ந்து வருகின்றன.

பேய் உலவுவதாகக் கூறப்படும் மாளிகைகளுக்கும் விடுதிகளுக்கும் கருவிகளோடு சென்று, இரவெல்லாம் விழித்திருந்து ஆராயும் குழுக்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. அவர்கள் எதைத் தேடுகிறார்கள், எதைக் காண்கிறார்கள், எதைத் தேட மறந்துவிடுகிறார்கள் என்பதை வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மசூரியில் ஒரு விடுதி

டேராடூனுக்கு மேலே, இமயமலைச் சரிவில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்தது மசூரி. ஆங்கிலேயர் கோடைக்காலத்தைக் கழிக்க உருவாக்கிய மலை நகரங்களுள் அதுவும் ஒன்று. லக்னோவில் வழக்கறிஞராக இருந்த அயர்லாந்துக்காரர் செசில் லிங்கன் என்பவர் 1902ஆம் ஆண்டு அங்கே ‘சவாய்’ என்னும் விடுதியைத் திறந்தார். மலைமேல் மோட்டார் வண்டி ஏறாத காலம் அது. பியானோக்களும் பில்லியர்ட்ஸ் மேசைகளும் மாட்டு வண்டிகளில் மலையேறின. 1905இல் நேர்ந்த காங்ரா நிலநடுக்கத்தில் விடுதி சேதமுற்று, 1907இல் மீண்டும் திறக்கப்பட்டது.

நம் நாட்டு விடுதலை வரலாற்றிலும் இவ்விடுதிக்கு ஓர் இடமுண்டு. 1920ஆம் ஆண்டு ஜவகர்லால் நேரு தம் தாயாருடனும் மனைவியுடனும் இங்கே தங்கியிருந்தார். அரசுடன் பேச்சு நடத்த வந்த ஆப்கானியத் தூதுக் குழுவும் அப்போது இதே விடுதியில் இருந்தது. அக்குழுவினரோடு தொடர்பு கொள்வதில்லை என்று உறுதிமொழி தருமாறு அரசு நேருவைக் கேட்டது. அவர் மறுத்தார். உடனே மசூரியை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. இத்தகைய வரலாறு இருந்தும், ‘சவாய்’ என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது ஒரு பேய்தான்.

1911இல் நடந்தது

பிரான்சிஸ் கார்னெட்-ஆர்ம் என்னும் 49 வயதுப் பெண்மணி 1911ஆம் ஆண்டு சவாயில் தங்கியிருந்தார். இறந்தோரின் ஆவிகளோடு பேச முடியும் என்னும் நம்பிக்கையில் ஊறியவர். அவருடன் வந்திருந்த தோழி ஈவா மவுண்ட்ஸ்டீபனும் அதே நாட்டம் உடையவர். படிகக் கோளத்தில் எதிர்காலம் பார்ப்பவர். தோழி லக்னோவுக்குத் திரும்பிச் சென்ற பின்னர் ஒருநாள் அப்பெண்மணி தம் அறையில் இறந்து கிடந்தார். அறை உட்புறம் தாழிடப்பட்டிருந்ததாகக் கூறப்பட்டது. புரூசிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சே சாவுக்குக் காரணம் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

தாழிட்ட அறைக்குள் நஞ்சு எப்படிச் சென்றது? அவர் வழக்கமாக உட்கொள்ளும் மருந்தில் முன்னரே நஞ்சு கலக்கப்பட்டது என்பது வழக்காடிய தரப்பின் வாதம். தோழிமீது அலகாபாத்தில் வழக்கு நடந்தது. போதிய சான்று இல்லாமையால் அவர் விடுதலை செய்யப்பட்டார். வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை. இந்நிகழ்ச்சியை ரட்யார்ட் கிப்ளிங் ஆர்தர் கானன் டாயிலுக்கு எழுதினார் என்றும், அகதா கிறிஸ்டி 1920இல் வெளியிட்ட தம் முதல் துப்பறியும் நாவலுக்கு இதுவே தூண்டுதல் என்றும் சொல்வார்கள். அந்தப் பெண்மணியின் ஆவி இன்றும் தாழ்வாரங்களில் தன்னைக் கொன்றவரைத் தேடி அலைகிறது என்பது மசூரியில் வழங்கும் கதை.

ஆராய்ச்சிக் குழுக்களின் முறை

ஆவி பற்றிய செய்திகளை முறையாக ஆராய்வதற்கென்றே 1882ஆம் ஆண்டு லண்டனில் உளவியல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று தோன்றியது. கல்வியாளர் பலர் அதில் இடம்பெற்றனர். சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பது, வாக்குமூலங்களை எழுதி ஒப்பிடுவது ஆகியவை அவர்கள் வகுத்த வழி. பிற்காலத்தில் தொலைக்காட்சி வந்தபின் கருவிகள் முன்னுக்கு வந்தன. காந்தப்புலத்தை அளக்கும் மீட்டர், வெப்பமானி, ஒலிப்பதிவுக் கருவி, இருளில் படமெடுக்கும் கேமரா ஆகியவை இன்றைய குழுக்களின் படைக்கலங்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஸ்டான்லி விடுதியை எடுத்துக்கொள்வோம். 1909இல் திறக்கப்பட்ட இவ்விடுதியில் 1974இல் தங்கிய எழுத்தாளர் ஸ்டீபன் கிங், 1977இல் வெளியிட்ட தம் திகில் நாவலால் அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தார். 2006ஆம் ஆண்டு அங்கே ஒரு தொலைக்காட்சிக் குழு ஆய்வு நடத்தியது. அதன் தலைவர்களான ஜேசன் ஹாஸ், கிராண்ட் வில்சன் இருவரும் குழாய்ப் பணியாளர்கள். ‘தட்டும் ஓசை கேட்கிறது’ என்று யாரேனும் சொன்னால் முதலில் தண்ணீர்க் குழாயைப் பார்க்கும் நல்ல பழக்கம் அவர்களிடம் இருந்தது. ஆயினும் படுக்கையருகே இருந்த கண்ணாடிக் குவளை தானே உடைந்தது, மேசை தானே எழும்பியது என்று அவர்கள் அறிவித்தபோது விடுதியின் புகழ் மேலும் ஓங்கியது. ஒருமுறை நடந்து, மறுமுறை நடத்திக் காட்ட இயலாத ஒன்றை எந்த ஆய்வுக்கூடமும் முடிந்த முடிபாக ஏற்காது.

அவ்விடுதியில் உலவுவதாகச் சொல்லப்படும் ஆவிகளுள் ஒன்று எலிசபெத் வில்சன் என்னும் பணிப்பெண்ணுடையது. 1911இல் 217ஆம் எண் அறையில் எரிவாயு வெடித்தது. ஆனால் அவர் அந்த விபத்தில் இறக்கவில்லை. காயமுற்றுத் தேறி, மீண்டும் அதே விடுதியில் வேலை பார்த்தார். கதை அதைப் பொருட்படுத்துவதில்லை.

அறிவியல் கண்ட காரணங்கள்

பேய் கண்டதாகக் கூறுவோர் அனைவரும் பொய்யர் அல்லர். அவர்கள் உணர்ந்தது மெய்யாகவே இருக்கலாம். அதற்கு அவர்கள் கற்பித்த காரணம் தவறாக இருக்கலாம்.

1921ஆம் ஆண்டு வில்மர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் நிலையை மருத்துவ இதழில் விவரித்தார். பழைய வீடொன்றில் குடியேறிய அவர்களுக்குத் தலைவலியும் சோர்வும் வந்தன, காலடி ஓசை கேட்டது, உருவங்கள் தெரிந்தன, வீட்டில் வைத்திருந்த செடிகளும் வாடின. பழுதான கணப்பு உலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு அறைகளுக்குள் கசிந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. மந்திரவாதியை நம்பிக் காத்திருந்தால் அக்குடும்பம் உயிரையே இழந்திருக்கலாம்.

1998இல் விக் டேண்டி என்னும் பொறியாளர் மற்றொரு காரணத்தை வெளியிட்டார். இங்கிலாந்தில் அவர் பணியாற்றிய ஆய்வுக்கூடத்தில் காரணமற்ற நடுக்கமும், கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவமும் தோன்றின. ஒருநாள் பிடிப்பானில் பொருத்திய வாளின் தகடு தானே அதிர்வதைக் கண்டு ஆராய்ந்தார். புதிதாகப் பொருத்திய காற்றாடி ஒன்று, காதுக்குக் கேளாத, விநாடிக்குச் சுமார் 19 அதிர்வுகள் கொண்ட ஒலியலையை எழுப்பியிருந்தது. அதைச் சரிசெய்ததும் உருவமும் மறைந்தது. ஆனால் 2009இல் லண்டன் ஆய்வாளர்கள் இத்தகைய ஒலியையும் காந்தப்புலத்தையும் செயற்கையாக ஓர் அறையில் உண்டாக்கிப் பார்த்தபோது, அவற்றால் உறுதியான விளைவு எதுவும் தென்படவில்லை. ‘இங்கே ஏதோ நடக்கும்’ என்ற எதிர்பார்ப்பே மனத்தில் பெரும்பங்கு வகித்தது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

நம்மிடையே வழங்கும் ‘அறிவியல்’ விளக்கம் ஒன்றையும் இங்கே சோதிக்க வேண்டும். புளியமரம் இரவில் கரியமில வாயுவை வெளியிடுகிறது, அதனால் அடியில் படுத்தவருக்கு மூச்சுத் திணறுகிறது, அதுவே பேய் அமுக்குவது என்பார்கள். மரங்கள் இரவில் அவ்வாயுவை வெளியிடுவது உண்மை. ஆனால் அதன் அளவு மிகச் சிறிது. திறந்தவெளியில் காற்றோடு கலந்துவிடும். மூச்சடைக்க அது போதாது. மூளை விழித்தபின்னும் உடல் சில கணங்கள் அசையாதிருக்கும் உறக்க முடக்கமே அமுக்குவான் பேய் என்பது மருத்துவர் கூற்று. கட்டிலில் படுத்தவருக்கும் அது வரும். அறிவியலின் பெயரால் சொல்லப்படுவதற்கும் சான்று கேட்பதே பகுத்தறிவு.

கோவூரின் வழி

இத்துறையில் நமக்கு நெருங்கியவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றி, 1978இல் கொழும்பில் மறைந்தவர். மோசடிக்கு இடமில்லாத சூழ்நிலையில் அற்புத ஆற்றலை மெய்ப்பிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். எவரும் அதைப் பெறவில்லை.

கல் விழும் வீடு, தானே தீப்பற்றும் வீடு என்று பல வீடுகளுக்கு அவர் சென்றார். கருவிகளை விட அவர் பெரிதும் நம்பியது விசாரணையை. வீட்டில் உள்ளவர்களோடு ஒவ்வொருவராகப் பேசுவார். பல வீடுகளில், சொல்ல முடியாத துயரத்தால் குமுறும் ஒருவரே கல்லெறிபவராக இருந்தார். கோவூர் அவரை ஊரார்முன் நிறுத்தி அவமானப்படுத்துவதில்லை. துயரத்தின் மூலத்தைக் கண்டு ஆற்ற முயல்வார். பேயை விட்டுவிட்டு மனிதரைத் தேடியதே அவர் வெற்றி.

நம் ஊர்ப் பேய்கள்

எனது ஊர் கண்டாச்சிபுரம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், பாறைக் குன்றுகளும் மல்லாட்டைக் கொல்லைகளும் சூழ்ந்த ஊர். எங்கள் பக்கத்தில் ஒரு பாழுங்கிணறு உண்டு. இரவில் அங்கே கொலுசுச் சத்தம் கேட்கும் என்பார்கள். கோடை விடுமுறையில் நானும் இயற்பியல் பயிலும் நண்பர்கள் இருவரும் இதை ஆராயத் துணிந்தோம்.

முதலில் பதினொரு பேரிடம் தனித்தனியே கேட்டோம். உருவத்தைக் கண்டவர் எவருமில்லை. ‘எங்க மாமன் பார்த்தாராம்’ என்ற அளவிலேயே விடை நின்றது. சத்தத்தை மட்டும் நால்வர் கேட்டிருந்தனர். பின்னர் மூன்று இரவுகள் கிணற்றருகே விழித்திருந்தோம். காற்றே இல்லாத முதல் இரவில் ஓசை எதுவும் இல்லை. அடுத்த இரண்டு இரவுகளிலும் காற்று வீசும்போதெல்லாம் கலீர் கலீர் என்று கேட்டது. கிணற்றோரத்து வாகை மரத்தில் காய்ந்து தொங்கிய நெற்றுகளுக்குள் விதைகள் குலுங்கும் ஓசை அது. மறுநாள் பகலில், சத்தம் கேட்டிருந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்து கிளையை உலுக்கினோம்.

“இதே சத்தந்தான் தம்பி” என்றார் அவர். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சற்றுப் பொறுத்து அவர், “ஆனா அந்தப் பொண்ணு செத்தது நெசந்தானே” என்றார்.

“அந்தப் பொண்ணு பேரு என்னங்க தாத்தா?” என்று கேட்டேன்.

“யாரு கண்டா? வாக்கப்பட்டு வந்த பொண்ணு. ரெண்டு வருசம்கூட இருக்கல.”

எப்படி இறந்தாள், ஏன் இறந்தாள், யாரேனும் விசாரித்தார்களா என்று மற்றவர்களையும் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுடைய கொலுசு ஊர் முழுவதற்கும் தெரியும். பெயர் எவருக்கும் தெரியாது.

ஆராய்வோர் கடமை

மசூரிப் பேயையும் எங்கள் ஊர்ப் பேயையும் நான் ஒருங்கே எண்ணிப் பார்க்கிறேன். நம் ஊர்களின் கிணறுகளிலும் புளியமரங்களிலும் உலவும் பேய்களில் எத்தனை பேர் பெண்கள்! அகால மரணம் ஒன்று நிகழ்கிறது. விசாரிக்க வேண்டியவர் விசாரிப்பதில்லை. சில ஆண்டுகளில் அது கதையாகிறது. கதை வந்தபின் கேள்வி அடங்கிவிடுகிறது. ‘அவள் உலவுகிறாளா?’ என்று கேட்பது எளிது. ‘அவளுக்கு நஞ்சு கலந்தது யார்?’ என்று கேட்பது அரிது.

இந்தக் கேள்வியைச் சட்டம் கேட்கத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான். மணமான ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ ஐயத்திற்கிடமான முறையில் இறந்தாலோ பிரேதப் பரிசோதனையும் நிர்வாக நடுவர் விசாரணையும் நடைபெறுவதற்கான விதிகள் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தன. நம் பக்கத்தில் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று சொல்வது இதைத்தான். வரதட்சணைச் சாவு தனிக் குற்றமானது 1986இல். 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களிலும் இவ்விதிகள் தொடர்கின்றன. எங்கள் ஊர்க் கிணற்றில் மாண்ட பெண்ணுக்கு இவற்றுள் எதுவும் கிட்டியதாகத் தெரியவில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பேய் இருக்கும். அதை ஆராய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். ஓசை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், காரணம் கிடைக்கும். அத்துடன் வேலை முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள். இறந்தவர் யார், எவ்வாறு இறந்தார் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பேய் இல்லை என்று நிறுவுவது ஆராய்ச்சியின் பாதி வேலை. மறந்துபோன ஒரு பெயரை மீட்டெடுப்பது மறுபாதி.