போக்சோ சட்டத்தில் தெரிவிக்கும் கடமையும் பள்ளிகளின் மௌனமும்

முன்னுரை

2021 மே மாதத்தில், சென்னை கே.கே. நகரிலுள்ள தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர் பாலியல் தொல்லை அளித்ததாக முன்னாள் மாணவியர் சமூக ஊடகத்தில் குற்றஞ்சாட்டினர். அதையடுத்து அசோக் நகர் அனைத்து மகளிர் காவல் நிலையம் போக்சோ சட்டத்தின்கீழ் வழக்குப் பதிந்து அவரைக் கைது செய்தது. குற்றச்சாட்டின் உண்மையை முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி. எனினும், பள்ளியை விட்டு நீங்கிய பின்னர், அதுவும் சமூக ஊடகம் வழியாகவே புகார் வெளிவந்தது என்பது சட்ட நடைமுறையின் அடிப்படைச் சிக்கலொன்றைச் சுட்டுகிறது.

சட்டம் சுமத்தும் கடமை

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம், பதினெட்டு வயது நிறைவடையாத அனைவரையும் பால் வேறுபாடின்றிக் குழந்தைகளாகக் கொள்கிறது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் மட்டுமன்றி, நிகழக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. தெரிவிக்கத் தவறுவோருக்குப் பிரிவு 21 ஆறு மாதம் வரையிலும், தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை வகுத்துள்ளது. குழந்தைக்கு இத்தண்டனை பொருந்தாது. பேசும் சுமையைச் சட்டம் பெரியவர்கள்மீதே வைத்துள்ளது.

நடைமுறைச் சிக்கல்கள்

புகார் எழுந்ததும் பள்ளி நற்பெயரை எண்ணுகிறது. பெற்றோர் மகளின் எதிர்காலத்தை எண்ணி அஞ்சுகின்றனர். இதனால் விவகாரம் உள்விசாரணையோடு முடிந்துவிடுகிறது. உண்மையை உறுதிசெய்த பின்னரே தெரிவிக்க வேண்டும் எனச் சட்டம் கூறவில்லை. தாமதத்தால் மருத்துவச் சான்றுகள் மறைகின்றன. நாளும் இடமும் நினைவில் மங்குகின்றன. குறுக்கு விசாரணையில் இவையே குழந்தைக்கு எதிராகத் திரும்புகின்றன.

பொறுப்பாளர் அறிந்திருந்தார் என்பதை மெய்ப்பிப்பது அடுத்த சிக்கலாகும். வாய்மொழிப் புகார் தடயம் விட்டுச்செல்வதில்லை. மகாராட்டிரப் பள்ளி விடுதி மாணவியருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்மீதான இத்தகைய வழக்கை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை ரத்து செய்து, அறிந்தும் தெரிவிக்காமை கடுங்குற்றம் என வலியுறுத்தியது.

வழக்கு தொடங்கிய பின்னும் காத்திருப்பு நீள்கிறது. ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்குமாறு பிரிவு 35 கூறினாலும், ‘இயன்றவரை’ என்னும் சொல் அதனைத் தளர்த்திவிடுகிறது.

முடிவுரை

தண்டனையை உயர்த்துவதால் மட்டும் மௌனம் கலையாது. மாணவர் கூறும் ஒவ்வொரு புகாரையும் நாளிட்டு எழுத்தில் பதிவது முதற்படியாகும். அப்பதிவு இருப்பின், ‘அறியவில்லை’ என எவரும் கூற இயலாது. காவல் நிலையமும் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் அருகிலேயே உள்ளன. குழந்தையின் முதற்சொல்லைக் கேட்கும் பெரியவர் அதை அங்குச் சேர்ப்பதில்தான் சட்டத்தின் பயன் தொடங்குகிறது.