அலமாரிக்குள் ஒரு காடு – 9: 1866-ல் யாரும் பறிக்காத செடி

2017 மார்ச்சில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு வந்த ஒரு பார்சலை அழித்துவிட்டார்கள். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆய்வுக்கு இரவலாக அனுப்பிய 105 உலர்தாவர மாதிரிகள் அதில் இருந்தன. சில, இருநூறு வருடத்துக்கு முந்தையவை. கூடவே வந்த ஆவணங்களில் குறை. மதிப்பு என்ற கட்டத்தில் இரண்டு டாலர். நோய்த்தடுப்பு அதிகாரிகள் கண்ணுக்கு அது சருகுக் கட்டு, அவ்வளவுதான்.

செடியைத் தபாலில் அனுப்பாமல் படத்தை அனுப்பினால் இந்த வம்பே இல்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இதற்காக 2015-ல் கன்வேயர் பெல்ட்டே போட்டது. விமான நிலையத்தில் பெட்டி நகர்ந்து வருமே, அதுபோல ஒவ்வொரு தாளாகக் கேமராவுக்கு அடியில் போகும். பழுப்பேறிய தாளில் ஒட்டிய கிளை, பக்கத்தில் அளவுகோல், நிறப்பட்டை, பார்கோடு. உதிர்ந்த விதையைப் போட்டு மடித்த குட்டிக் காகித உறைகூடப் படத்தில் விழும். 2022-க்குள் சுமார் 38 லட்சம் தாள்களை முடித்துவிட்டார்கள்.

படம் எடுப்பதில் பெரிய சிரமமில்லை. தாளின் மூலையில், செடியை யார், எங்கே, எப்போது பறித்தார் என்று சொல்லும் சீட்டைப் படிப்பதில்தான் உயிர் போகிறது.

நம்ம ஊர்க் கதைக்கே வருவோம். ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர். 1819-ல் வந்து, கடைசிப் பத்து வருடம் கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சி பார்த்து, 1853-ல் கப்பல் ஏறினார். அவர் சேர்த்த செடிகளைப் பிறகு லண்டன் கியூ தோட்டம் பல நாடுகளுக்குப் பங்கிட்டது. அந்தத் தாள்களில் அச்சடித்த சீட்டு இருக்கும். இடம்: இந்தியத் தீபகற்பம். வருடம்: 1866-67.

அது கியூ பங்கிட்ட வருடம். விவரம் தெரியாதவர் அதைப் பறித்த தேதியாகப் பதிவு செய்தால், வைட் ஊருக்குப் போய்ப் பதின்மூன்று வருடம் கழித்து இங்கே செடி பறித்தவராகிவிடுவார். இடம் அதைவிட மோசம். 'தீபகற்பம்' என்பதற்குக் கணினி நட்டநடுவே ஒரு புள்ளி வைத்தால், நீலகிரிச் சோலைச் செடி தக்காணத்துப் பொட்டலில் முளைத்துவிடும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவைத்த தரவு அல்லவா, பிழையும் இலவசமாகவே பரவும்.

பாரிஸ்காரர்கள் 2012-ல் சீட்டு படிக்கும் வேலையைப் பொதுமக்களிடமே விட்டார்கள். ஒரே சீட்டைப் பலர் படிப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் பேசித் தீர்ப்பார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் தமிழ்நாட்டுச் செடிகளுக்கு பிரெஞ்சுக்காரரின் பொறுமை போதாது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் ஒரு மலையைப் 'புல்னி' என்று எழுதுவார்கள். பாரிஸில் இருப்பவர் பழைய வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்பவரிடம் காட்டினால், 'பழனிங்க' என்பார்.