உப்பளக் கரை இடிபாடும் புதிய கான்கிரீட்டும்

கான்கிரீட்டின் கன அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜல்லியும் மணலும்தான். சிமென்ட்டும் நீரும் சேர்ந்த பசை அவற்றைப் பிணைத்து வைத்திருக்கிறது. பழைய கட்டடத்தை இடிக்கும்போது இந்தப் பிணைப்பு உடைகிறதே தவிர, உள்ளிருக்கும் கருங்கல் கெடுவதில்லை. அந்தக் கல்லை மீட்டு மறுபடியும் ஜல்லியாக்கலாம். எல்லா ஊர் இடிபாட்டுக்கும் பொருந்தும் இந்த முறைக்கு, மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் மட்டும் கூடுதலாக ஒரு சோதனை தேவைப்படுகிறது. அங்கே பழைய கான்கிரீட்டுக்குள் உப்பும் ஊறியிருக்கும்.

வீடு இடிப்பவர்கள் முதலில் கதவு, ஜன்னல், நிலை, இரும்புக் கம்பி, முழுச் செங்கல் ஆகியவற்றைப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். உடைந்த கான்கிரீட், செங்கல் துண்டு, பூச்சுக் காரை, ஓடு, மண் எல்லாம் கலந்த குவியல்தான் மிஞ்சுகிறது. கட்டட வேலையில் இருப்பவர்கள் இதை ‘ரப்பீஷ்’ என்பார்கள். பள்ளம் நிரப்பவே இது பெரும்பாலும் போய்க்கொண்டிருந்தது. இப்போது பெருநகரங்களில் இதற்கென்றே ஆலைகள் வந்துவிட்டன. சென்னை மாநகராட்சிப் பகுதியில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 400 டன் கையாளும் ஆலைகள் உள்ளன. இத்தகைய ஆலைகளில் இடிபாடு முதலில் சலிக்கப்பட்டு மண் பிரிக்கப்படுகிறது. மரம், பிளாஸ்டிக், துணி போன்றவற்றைக் கையால் பொறுக்குகிறார்கள். கிரஷர் கட்டிகளை நொறுக்க, காந்தம் கம்பித் துண்டுகளை இழுத்துக்கொள்கிறது. பிறகு கழுவி, அளவுவாரியாகச் சலித்தால் ஜல்லியும் மணலும் தனித்தனியே கிடைக்கின்றன.

இந்த ஜல்லி, குவாரியிலிருந்து வரும் புது ஜல்லிக்கு முழுச் சமானம் ஆகாது. ஒவ்வொரு கல்லின் மேலும் பழைய சிமென்ட் காரை ஒட்டியிருக்கிறது. காரையில் நுண்துளைகள் மிகுதி. கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு சதவீத நீரைக்கூட உறிஞ்சாது. மறுசுழற்சி ஜல்லி பல மடங்கு உறிஞ்சும். உலர்ந்த நிலையில் அப்படியே கலவையில் போட்டால், சிமென்ட் இறுகத் தேவையான நீரை இது குடித்துவிடும். கலவை வறண்டு, வேலைக்கு இணங்காமல் போகும். அதனால் கலப்பதற்கு முன்பே ஜல்லியை நனைத்துவைக்கிறார்கள். ஜிப்சம் பூச்சும் பால்ஸ் சீலிங் துண்டுகளும் சேர்ந்துவிட்டால் வேறு சிக்கல் எழும். அவற்றிலுள்ள சல்பேட், இறுகிய சிமென்ட்டோடு வினைபுரிந்து கான்கிரீட்டை நாளடைவில் உப்பவைத்து வெடிக்கச் செய்யும்.

இவற்றைக் கருதியே ஐ.எஸ். 383 என்னும் இந்தியத் தர அளவை 2016இல் திருத்தப்பட்டபோது, பயன்பாட்டுக்கு வரம்பு விதித்தது. கான்கிரீட்டை மட்டும் உடைத்துப் பெற்ற ஜல்லியைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்கலாம். கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அதுவும் எம்-25 வலிமைத் தரம் வரைக்கும்தான். எம்-15க்குக் குறைந்த லீன் கான்கிரீட்டில் முழுவதும் இதையே போடலாம். செங்கல்லும் காரையும் கலந்த இடிபாட்டு ஜல்லிக்கு லீன் கான்கிரீட் மட்டுமே இடம். செங்கல் ஜல்லி தமிழகக் கொத்தனார்களுக்குப் புதிதல்ல. மொட்டை மாடித் தளத்தில் சுண்ணாம்போடு அதைக் கலந்து போடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது.

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள் பரந்திருக்கின்றன. இங்கே கான்கிரீட்டுக்குள் உப்பு மூன்று வழிகளில் நுழைய முடியும். கடற்காற்று நுண்துளிகளாகக் கொண்டுவந்து சுவரில் படியவைக்கிறது. அடித்தளத்தின் வழியே உவர் நிலத்தடி நீர் மேலேறுகிறது. கட்டும்போதே உவர்நீரில் கலவை போட்டிருந்தால் உப்பு தொடக்கத்திலேயே உள்ளே போயிருக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர அளவையான ஐ.எஸ். 456. கடல்நீரில் இது சுமார் 19,000 மில்லிகிராம்.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை, கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்ததும் துரு தொடங்கும். இரும்பைவிடத் துரு இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலுள்ள கான்கிரீட் பிளந்து கம்பி தெரியப் பெயர்ந்து விழுகிறது. கடலோரத்தில் கட்டடங்களை இடிக்க நேர்வதற்கு இதுவும் முக்கியக் காரணம். ஆகவே, இடிக்கவைத்த உப்பு இடிபாட்டோடு கிரஷருக்கும் வந்துசேர்கிறது.

ஐ.எஸ். 456இன்படி, கம்பி கட்டிய புதுக் கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடுதான் உச்ச வரம்பு. சமையல் உப்பாகக் கணக்கிட்டால், சுமார் 2,400 கிலோ எடையுள்ள கான்கிரீட்டில் ஒரு கிலோ உப்பு. ஒரு கன மீட்டருக்கு 1,100 கிலோ ஜல்லி ஆகிறது, அதில் 20 சதவீதம் மறுசுழற்சி ஜல்லி என்று வைத்துக்கொண்டால், அது 220 கிலோ. அதன் எடையில் 0.3 சதவீதம் குளோரைடு இருந்தால் 0.66 கிலோ ஆகிவிடும். மணல், நீர், சிமென்ட் ஆகியவற்றின் பங்கைச் சேர்க்கும் முன்பே வரம்பு தாண்டிவிடுகிறது.

உப்பு எவ்வளவு ஆழம் ஊறியிருக்கிறது என்பதை இடிக்கும் இடத்திலேயே பார்க்க முடியும். கான்கிரீட் துண்டைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலைத் தெளிக்க வேண்டும். குளோரைடு மிகுந்த பகுதி வெள்ளையாகிறது. மற்றப் பகுதி பழுப்பேறுகிறது. கடலைப் பார்த்த சுவரின் வெளிப்பக்கம் வெளுத்து, உட்பக்கம் பழுப்பேறி நின்றால் உப்பு வெளியிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். துண்டு முழுவதும் வெளுத்தால், கலவை நீரிலேயே உப்பு இருந்திருக்க வாய்ப்புண்டு. துல்லியமான அளவுக்கு ஆய்வகச் சோதனை வேண்டும். ஜல்லியை நல்ல தண்ணீரில் கழுவினால் கரையும் உப்பு பெருமளவு போகும்; சிமென்ட்டோடு வேதிமுறையில் பிணைந்த குளோரைடு முழுதும் போகாது. கழுவிய நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் உப்பு அதில் சேர்ந்துகொண்டே போகும்.

தர அளவைகள் இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெளிவாகிறது. கடற்கரைச் சூழலில் கம்பி கட்டிய கான்கிரீட் குறைந்தது எம்-30 தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. மறுசுழற்சி ஜல்லிக்கு உச்சமோ எம்-25. எனவே கடலோரத் தூண், உத்தரம், தளம் ஆகியவற்றில் அதற்கு இடமில்லை. கம்பியில்லாத கான்கிரீட்டுக்குக் குளோரைடு வரம்பு கன மீட்டருக்கு 3 கிலோ, அதாவது ஐந்து மடங்கு. அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் லீன் கான்கிரீட், நடைபாதைக் கற்கள், சாலையின் அடிப்படுகை ஆகியவை உப்பளக் கரை இடிபாட்டுக்கு ஏற்ற பயன்கள். அவ்வளவுக்கும் புதிதாகக் கருங்கல் உடைக்க வேண்டியதில்லை. சிமென்ட் செலவு மட்டும் இதனால் குறைவதில்லை.

இடிபாட்டைக் கொட்ட நீர்நிலையைத் தேடுவதும் இங்கே கூடாது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளிச் சதுப்பு நிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் விழும் இடிபாடு நீரோட்டத்தை மறித்து நிலத்தை மேடாக்கிவிடும். கட்டுமானக் கழிவுக்கென மத்திய அரசு 2016இல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றுக்கு மாற்றாக வந்த 2025 விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியவை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களுக்கு இவை மறுசுழற்சிப் பொறுப்பை விதிக்கின்றன. மரக்காணத்தில் இடிபடுவனவோ பெரும்பாலும் சிறு வீடுகள். சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்கு லாரியில் ஏற்றி அனுப்பினால் வாடகையே ஜல்லி விலையை விழுங்கிவிடும். சுற்றுவட்டார ஊர்களுக்குப் பொதுவாக ஒரு சேகரிப்பு இடம், கான்கிரீட்டையும் செங்கல்லையும் தனியே குவிக்கும் ஏற்பாடு, போதுமான அளவு சேர்ந்ததும் வந்துபோகும் நடமாடும் கிரஷர், ஒவ்வொரு குவியலுக்கும் குளோரைடு சோதனை ஆகியவை அமைந்தால் சிற்றூர்களுக்கும் இது கட்டுப்படியாகும்.